துணைக்குப் போனவள்

நம் வயதுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாளில் வீட்டிலிருந்து ஒரு பெண் எங்கே கிளம்பினாலும் கூடவே ஒரு சிறுமியை அனுப்புவார்கள். அக்கா தையல் வகுப்புக்குப் போனால் நாம் துணை. பக்கத்து வீட்டுப் பெண் டாக்டரிடம் போனால் நாம் துணை. வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தால் விரட்டத் தெரியாத நம்மை எதற்கு அனுப்பினார்கள்? நாம் யாரும் கேட்டதில்லை. கூடப் போனால் கடலை உருண்டை கிடைக்கும், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே நாற்பது வயது ஆகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, என் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் இருந்தாள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரே தங்கை. எங்கள் வீடு செஞ்சியில், கோட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. நைனாவுக்குக் குடிதண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிற வேலை. கரண்ட் எப்போது வருமோ அப்போது ஓடவேண்டும் என்பதால் அவர் எங்கேயும் வெளியூர் போகமாட்டார்.

அத்தையைக் கட்டிக் கொடுத்திருந்தது மரக்காணத்துக்கு அப்பால் ஒரு குப்பத்தில். மாமா அங்கே உப்பளத்தில் வாட்ச்மேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஆடிப் பெருக்குக்கு மறுநாள் காலை, தோளில் ஒரு துணிப்பையோடு அத்தை தனியாக வந்து நின்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடிச்சாரா?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"குடிக்கறாரா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன இன்னா?"

 அத்தை சொம்புத் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

மாமாவைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்காது. பீடி கிடையாது. உரக்கப் பேசமாட்டார். தீபாவளிக்கு வரும்போது ஒரு மூட்டை உப்பும் ஓலையில் சுற்றிய கருவாடும் கொண்டுவருவார். எனக்குக் கலர் சோடா வாங்கித் தருவார். எங்கள் தெருவில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாம், இப்படி ஒரு மாப்பிள்ளை வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையிடம்தான் சில வேடிக்கையான பழக்கங்கள் இருந்தன. குளிக்கும்போது தடுப்புப் படலைச் சாத்தமாட்டாள். என்னை எதிரில் நிற்கவைத்து, "யாராச்சும் வந்தா சொல்லு" என்பாள். அம்மா எத்தனை முறை திட்டியும் கேட்கவில்லை. காற்றில் ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போய்த் திறப்பாள்.

அப்புறம், நடை. நான் பள்ளிவிட்டு வந்ததும், "வாடி, நடந்துட்டு வரலாம்" என்பாள். எங்கே என்று அவளுக்கே தெரியாது. சக்கரகுளத்தைச் சுற்றுவோம். ராஜகிரியின் அடிவாரத்தில், இடிந்த மதிலை ஒட்டி, மேட்டுக்காட்டு வழியாகப் போவோம். மணிலா, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நாள்கள் அவை. செடியோடு ஒரு கொத்துப் பிடுங்கிக் கொடுப்பார்கள். மண் வாசனையோடு அந்தப் பச்சை மணிலாவைத் தின்றுகொண்டே நடப்போம். புரட்டாசி கடைசியில் மலைச்சரிவெல்லாம் சீத்தாப்பழம். கண் விட்ட காயாகப் பார்த்துப் பறித்து அத்தை மடியில் கட்டிக்கொள்வாள். களைத்தால் ஏதாவது ஒரு பாறையில் உட்காருவோம். வெயில் போன பிறகும் எங்கள் ஊர்ப் பாறைகள் ஆறுவதில்லை. பாவாடையைத் தாண்டித் தொடையில் சுடும். அத்தை அந்தச் சூட்டில் மல்லாந்து படுத்துக்கொள்வாள்.

அப்படிப் படுத்திருந்த ஒரு நாள்தான் சொன்னாள்.

"அங்க கூட நல்லா காத்து வரும். ஜன்னல்ல."

"வெளிய குந்தினா இன்னும் வருமே?"

"உங்க மாமா வெளிய பூட்டினு போயிடுவாரு."

"நீ உள்ள இருக்கறப்பவா?"

"ம்."

"அப்ப ஒண்ணுக்கு வந்தா?"

அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அது கண்ணாமூச்சி ஆட்டம் மாதிரி இருந்தது.

"காலையில எட்டு மணிக்குப் பூட்டினா சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறப்பாரு. கோவமா எல்லாம் பூட்ட மாட்டாரு. சோறு இருக்குதா, தண்ணி இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் பூட்டுவாரு. நாள் பூரா கடல் சத்தம் காதுல கேட்டுனே இருக்கும். ரெண்டு வருசத்துல நான் கடல்ல கால் நனைச்சது நாலே நாலு வாட்டி."

வீட்டுக்குப் போனதும் நைனாவிடம் அப்படியே சொன்னேன். அதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எங்கே போனோம், யாரிடம் பேசினோம் என்று நைனா கேட்பார். ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். நன்றாகச் சொன்னால் தலையில் தட்டிக் கொடுப்பார்.

நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "கடலோரத்துல ஒத்த வீடு. உப்பு ஏத்த வர்றவன் போறவன்னு நூறு பேரு. பொண்டாட்டியப் பத்தரமா பாத்துக்கறாரு. இது ஒரு கொறையா?"

"அதுக்குன்னு மனுசிய வெச்சிப் பூட்டறதா?" என்றாள் அம்மா.

"உன்ன யாரு கேட்டா?"

அத்தை தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. மறுநாளும் என்னைத்தான் நடக்கக் கூப்பிட்டாள்.

ஐப்பசியில் அந்த நடையும் நின்றது. டீக்கடையில் யாரோ நைனாவிடம், "இன்னா, உன் தங்கச்சி மலைய அளக்கறாளா?" என்று கேட்டிருக்கிறார்கள். நைனா வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நாளையிலருந்து யாரும் எங்கயும் சுத்த வேணாம்" என்று பொதுவாகச் சொன்னார். அதன் பிறகு அத்தை கூடத்தில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்ன ஆரம்பித்தாள். பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை. அடிப்பக்கம் சரியாக வரவில்லை என்று மூன்று முறை பிரித்தாள். மழை பிடித்துக்கொண்டது. மலைகள் மேகத்துக்குள் போய்விட்டன. வீட்டில் ஈரத் துணி வாடையும் புது ஒயரின் வாடையும் கலந்து கிடந்தன. அம்மா அவ்வப்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். பார்த்துக்கொள்ளச் சொல்லி நைனா அவளிடம் சொல்லியிருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவின் வேலை எனக்கு வரும்.

கார்த்திகையில் மாமா வந்தார். உப்பு மூட்டையை இறக்கிவிட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தைக்கு அன்று காய்ச்சல். உள்ளறையை விட்டு வரவில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை.

"ஒடம்பு தேறட்டும் மச்சான். எப்ப தோணுதோ அப்ப அனுப்புங்க. நான் ஒண்ணும் அவசரப்படுத்தல" என்றார். போகும்போது எனக்குக் கலர் சோடா.

அவர் சண்டை போட்டிருந்தால் நைனா ஒருவேளை தங்கையின் பக்கம் நின்றிருப்பார். அந்தப் பணிவுக்கு முன்னால் நைனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அரைப்பரிட்சை லீவு விட்டதும் அத்தை கிளம்பவேண்டும்.

"கூட யாரு போறது?" என்று அம்மா கேட்டாள்.

"பாப்பா போவட்டும்."

"அறிவிருக்குதா உங்களுக்கு? சின்னப் புள்ளய அவ்ளோ தூரம்..."

"பாப்பாதான் போவணும்" என்றார் நைனா.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸின் படியருகே என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அத்தைய வாசல்ல வுட்டுட்டுத்தான் நீ வரணும். நடுவுல எங்கயும் தனியா வுடக் கூடாது. புரிஞ்சுதா?" எனக்குப் பெருமையாக இருந்தது. பரிட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி தலையாட்டினேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு புடவையும் எங்களுக்கான புளிசோற்றுப் பொட்டலமும் இருந்தன.

திண்டிவனத்தில் மாறி மரக்காணத்தில் இறங்கும்போது பத்து மணிக்கு மேல். குப்பத்துக்குப் போகிற பஸ் அந்த மாதம் ஓடவில்லை. மழையில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

"கரையோரமா நடந்துடுங்க. எல்லாரும் அப்டித்தான் போறாங்க. மூணு மணி நேரம்" என்றார் கடைக்காரர் ஒருவர்.

நான் அன்றுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் பார்த்த கடலுக்கு முன்னால் வழவழப்பாக மணல் இருக்கும். இங்கே அப்படி இல்லை. அந்த மழைக்காலம் முழுக்கக் கடல் கரையைத் தின்றிருந்தது. மணல்மேடு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுண்டு நின்றது. அதிலிருந்து வேர்கள் கயிறு கயிறாகத் தொங்கின. பனைமரங்கள் சாய்ந்து தலையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கிடந்தன. ஒரு இடத்தில் எந்தக் காலத்தோ பெரிய கட்டடம் ஒன்று இடிந்து, செங்கல் பாளம் பாளமாகக் கடலுக்குள் கிடந்தது. பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தன. அதன்மேல் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். பாறை ஏறுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பாறை நின்ற இடத்தில் நிற்கும். இங்கே ஒவ்வொரு அலை திரும்பும்போதும் காலடியில் எல்லாமே நகர்ந்தது.

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து, தண்ணீரிலேயே நடந்தாள்.

"அஞ்சாவது வாட்டி" என்றாள்.

அவள் முகத்தில் உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. அழுகிறாளா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சில இடங்களில் கரையே இருக்காது. மேட்டில் ஏறி உள்பக்கமாகப் போகவேண்டும். ஏறியதும் கடல் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். அந்தப் பக்கம் ஆள் அரவமே இல்லாத பூமி. முந்திரித் தோப்பு. அதைத் தாண்டி உப்பளம். மழைக்காலம் என்பதால் பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். தூரத்திலிருந்து வரிசையாகக் குடிசைகள் மாதிரி தெரிந்தன. யார் இருக்கிறார்கள் அங்கே என்று கேட்டேன். "யாரும் இல்ல. உப்புதான்" என்றாள் அத்தை.

நடுவில் ஒரு முகத்துவாரம். உப்பங்கழித் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. வலையோடு ஒருவர் நின்றிருந்தார். "இப்பவே தாண்டிடுங்க. மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறும்" என்றார். அத்தை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் என்னைப் பிடித்தாள். தண்ணீர் அவளுக்கு இடுப்பளவு, எனக்கு நெஞ்சளவு. கால் ஊன்றுகிற இடமெல்லாம் மணல் உருவிக்கொண்டு போனது. அக்கரை ஏறியபோது அத்தையின் விரல் பதிந்து என் மணிக்கட்டு சிவந்திருந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் நடந்து ஒரு சவுக்குத் தோப்புக்கு வந்தோம். அங்கிருந்து உப்பளத்தின் நடுவே ஒரு வண்டிப் பாதை மேற்கே போனது. அது போய்ச் சேருகிற ரோட்டில் பாண்டிக்கு பஸ் ஓடும் என்று அத்தை சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள். ஈரப் பாவாடையோடு சருகின் மேல் உட்கார்ந்து புளிசோறு தின்றோம். அத்தை இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. பொட்டலத்தை மடித்து என் மடியில் வைத்தாள்.

"பாப்பா, நான் ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"இன்னா அத்தை?"

"நான் இப்டியே ரோட்டுக்குப் போறேன். பாண்டியில என் சிநேகிதி ஒருத்தி ஆஸ்பத்திரியில ஆயாவா இருக்கறா. அவகிட்ட போயிடறேன். நீ வந்த வழியே திரும்பிடு. தண்ணிகிட்ட அந்த வலைக்காரரு இருப்பாரு. கூப்டீன்னா தாண்டி வுட்டுடுவாரு. மரக்காணத்துல பஸ் ஏறிட்டா நேரா ஊடு."

"தனியாவா?"

"பகல்தான?"

"நானும் உங்கூட வரேன்."

"உன்னக் கூட்டினு போனா, புள்ளயக் கடத்தினு போயிட்டான்னு உங்க நைனாவே போலீசுக்குப் போவாரு. சாயங்காலத்துக்குள்ள என்னப் புடிச்சினு வந்துடுவாங்க."

நான் அழ ஆரம்பித்தேன். நைனா சொன்னது, கடல், அந்தத் தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொண்டன. அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டாள். எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடையை எடுத்தாள். வண்டிப் பாதையில் இருபது முப்பது அடி போயிருப்பாள். "அத்தை" என்று கத்தினேன். அவள் நின்றாள். முதுகைக் காட்டியபடி, லேசாகக் குனிந்து நின்றாள். திரும்பவில்லை. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

அப்போது தோப்புக்குள்ளிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். உப்பளத்தில் வரப்பு அணைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். முழங்கால் வரை சேறு. ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏன்டி அழுவற? யாரு நீ?" என்றாள். இன்னொருத்தி அத்தையைப் பார்த்துவிட்டாள்.

"அது வாட்ச்மேன் பொண்டாட்டி இல்ல?"

அத்தை வாய் திறக்கவில்லை. நான் சொன்னேன்.

"ஆமா. எங்க அத்தைதான். மாமா ஊட்டுக்குத்தான் போறோம்."

இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அழுகை நடுவில் எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்!

அந்தப் பெண்கள் நல்லவர்கள். ஒருத்தி கூடையை வாங்கிக்கொண்டாள். ஒருத்தி அத்தையின் கையைப் பிடித்து, "தாய் ஊட்டுக்குப் போனவ எளச்சிப் போயில்ல வந்துகீற!" என்று சிரித்தாள். சிரிப்பும் பேச்சுமாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். நைனா சொன்னது சொன்னபடி நடந்தது.

மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டு ஓலைப் பாய் விரித்தார். நண்டு வாங்கிவந்து அவரே குழம்பு வைத்தார். அந்த வீடு ஒரே அறை. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேராகக் கடல் இல்லை, உப்புக் குவியல்தான். மூலையில் ஒரு வாளி இருந்தது, மேலே தட்டு போட்டு மூடி. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது எதற்கென்று எனக்குத் தெரியவந்தபோது நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த நான் அங்கேயே ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை என்னைக் கொண்டுபோய் விட மாமா கிளம்பினார். "சோறு இருக்குதா? தண்ணி இருக்குதா?" என்று கேட்டார். அத்தை "ம்" என்றாள். கதவைச் சாத்தினார். கொண்டியை இழுத்துப் பூட்டை மாட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "காத்துக்குக் கதவு அடிச்சிக்கும்மா, அதுக்குத்தான்" என்றார். அத்தை ஜன்னலில் வந்து நின்று, "பாத்துப் போ பாப்பா" என்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முகத்துவாரத்தில் தண்ணீர் அன்று அதிகம். மாமா சட்டையைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் சாவி இருந்தது. "கெட்டியாப் புடிச்சிக்க" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நடு நீரில் நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். சாவி சில்லென்று இருந்தது. இது இல்லாவிட்டால் அவர் நாளைக்கு எப்படிப் பூட்டுவார்? அவ்வளவுதான் யோசித்தேன். கையை வெளியே எடுத்து விரலைத் திறந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை.

கரையேறியதும்தான் எனக்கு உறைத்தது. பூட்டு பூட்டியே இருக்கிறது. அத்தை உள்ளே இருக்கிறாள். சாவி தண்ணீரில் இருக்கிறது. இனி யார் திறப்பார்கள்?  "மாமா, சாவி வுழுந்துடுச்சி, மாமா, அத்தை உள்ளயே செத்துடுவாங்க" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

அவர் குனிந்து என் தலையைத் தடவினார்.

"அடச் சே, இதுக்கா அழுவற? உப்புக் காத்துல சாவி துருப் புடிச்சிடும்னு மூணு பண்ணி வெச்சிருக்கேன். ஒண்ணு உப்பளத்து ஆபீசுல இருக்குது, ஒண்ணு என் இடுப்புல இருக்குது பாரு."

அருணாக்கயிற்றில் கட்டியிருந்ததைக் காட்டினார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திண்டிவனம் வரை கூட வந்து, செஞ்சி பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் நைனா நின்றிருந்தார்.

"வாசல்ல வுட்டியா?"

"வுட்டேன்."

"அழுதாளா?"

"இல்ல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உள்ள வெச்சிப் பூட்டிட்டாரு நைனா" என்றேன். நைனா வேகமாக நடந்தார். சவுக்குத் தோப்பில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அவரிடம் நான் ஒப்பிக்காத முதல் விஷயம் அது.

பங்குனியில் ஒரு நாள் மாமா வந்தார். கையில் உப்பு மூட்டை இல்லை. "இங்க வந்தாளா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பூட்டு பூட்டியபடியே இருந்ததாம். கீல் பக்கம் இருந்த ஆணிகளை எல்லாம் கழற்றி, கதவையே பெயர்த்து உள்ளே சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உப்புக் காற்றில் மரம் இற்றிருந்தது. கரண்டிக் காம்பு ஒன்று வளைந்துபோய்த் தரையில் கிடந்ததாம். "எத்தினி மாசமா நோண்டியிருப்பா மச்சான்? நான் என்ன கொற வெச்சேன்?" என்று மாமா அழுதார். நிஜமாகவே அழுதார். நைனா தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அத்தையின் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்தேன். நைனா படுக்கையில் விழுந்தபோது போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மருந்து கொடுக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கி உன்ன ஏன் அனுப்பனேன் தெரியுமா? பெரியவங்க யாரு போயிருந்தாலும் அவ வழியிலயே ஏமாத்திட்டுப் போயிருப்பா. சின்னப் புள்ளய நடுவழியில வுட்டுட்டுப் போவ மாட்டா. எனக்கு என் தங்கச்சியத் தெரியும்."

அதில் ஒரு பெருமை இருந்தது. தங்கையைப் பற்றிய பெருமையா, தன் யோசனையைப் பற்றியதா, தெரியவில்லை. நம்மை எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்டேனே, எனக்குப் பதில் கிடைத்தது இப்படித்தான். மாத்திரையை அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

நைனாவின் காரியம் முடிந்த மறுநாள், அம்மா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுக் கடிதம் எடுத்து என்னிடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அட்ரசுக்கு வருஷத்துக்கு ஒன்றாக வந்தவை. "போயி அவகிட்ட சொல்லிட்டு வா" என்றாள். அத்தனை வருஷம் அம்மா ஒருத்தியே அதை வைத்திருந்தாள்.

பாண்டியில் ஒரு சந்துக்குள் அத்தை இருந்தாள். அந்தச் சிநேகிதியும் அவளும் ஒரே வீட்டில். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து அந்த வருஷம்தான் நின்றிருந்தாள். அண்ணன் போனதைச் சொன்னேன். அத்தை எழுந்து எனக்குச் சோறு போட்டாள்.

இரண்டு வாய் உள்ளே போனதும் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தை, அன்னிக்கி அந்தப் பொம்பளைங்ககிட்ட நான்தான் சொன்னேன். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா நீ போயிருப்ப. எனக்காக நின்னுட்ட."

அத்தை ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்காக நின்னேன்னு யாரு சொன்னா?"

"நான் கூப்டேன். நீ நின்ன."

"செருப்பு வாரு பிச்சிக்கிச்சி. அதான் நின்னேன். குனிஞ்சி அத இழுத்து மாட்டினு இருந்தேன். மாட்டனதும் போயிருப்பேன். நீ கத்தறது கேட்டுனுதான் இருந்துச்சி." அவள் குரல் இறங்கியது. "வலைக்காரரு இருப்பாருன்னு உங்கிட்ட சொன்னேன் பாரு, அது பொய்யி. நாம கரையேறினதுமே அவரு வலையச் சுருட்டினு கெளம்பிட்டாரு. நான் பாத்தேன். தண்ணி ஏறும்னும் தெரியும். தெரிஞ்சேதான் உன்னப் போவச் சொன்னேன். பதினோரு வயசுப் புள்ளய. இத்தினி வருசமா அதுதான் எனக்கு..."

 நைனா முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு என் தங்கச்சியத் தெரியும் என்று சொன்ன முகம்.

"போயிருக்கணும் அத்தை" என்றேன்.

"வாயக் கழுவு."

"நெசமாத்தான். நீ போயிருக்கணும்."

அத்தை என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் என் எச்சில் கையை அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.